கைப்பிடியும் கைவியர்வையும்



மண்வெட்டி பிடித்து வேலை செய்யும் உழவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலையைத் தொடங்குமுன் அவர் உள்ளங்கையில் சிறிது துப்பி, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துக்கொள்வார். அதன் பிறகே காம்பைப் பற்றுவார். படித்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்தச் செயலில் பௌதிக நூலின் நுட்பமான உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. உழைத்துக் காய்த்துப்போன தோல் உலர்ந்தும் தடித்தும் இருக்கும். நெடுநாள் கைபட்டு மெருகேறிய காம்பின்மீது அத்தோல் முழுதும் படிவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தொடும். சிறிது ஈரம் பட்டால் தோல் இளகும். காம்போடு படிந்து அதைப் பற்றிக்கொள்ளும். அதே காம்பு மழையில் நன்றாக நனைந்துவிட்டாலோ, கையை விட்டு நழுவி ஓடும். ஆக, சிறிதளவு ஈரம் பிடிக்குத் துணை; மிகுந்த ஈரம் பிடிக்குப் பகை.

ஒரு கருவியைக் கை எவ்வாறு பற்றுகிறது, அப்பிடியை எவ்வாறு திருத்தலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு எடுத்துக்காட்டாக நான் தேர்ந்தது மண்வெட்டியன்று, கைத்துப்பாக்கி. அமைதியான ஓர் ஆசிரியர் இதை ஏன் தேர்ந்தார் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. மண்வெட்டி நழுவினால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கைத்துப்பாக்கியோ ஒரு கிலோகிராம் அளவே எடையுள்ள சிறு கருவி. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அது கைக்குள்ளேயே துள்ளுகிறது. அதை ஏந்தும் கையோ பெரும்பாலும் படபடப்பினால் வியர்த்திருக்கும். பிடி பற்றிய எல்லாச் சங்கடங்களும் ஒருங்கே கூடும் கருவி இதுதான். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் இதை வைத்திருத்தல் ஆகாது. நானும் சொந்தமாக ஒன்றை வைத்திருந்தவன் அல்லன். அறிவியல் ஆசிரியனாகவும், பள்ளி என்.சி.சி. படையின் பொறுப்பாளனாகவும் இருந்தவன் என்ற முறையிலேயே பேசுகிறேன்.

முதலில் உராய்வைப் பற்றிச் சிறிது பார்ப்போம். 1699-ஆம் ஆண்டில் அமோந்தோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இரண்டு விதிகளை எடுத்துரைத்தார். உராய்வு விசை, பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஒன்று. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து அது மாறாது என்பது மற்றொன்று. பின்னர் வந்த கூலும் இவற்றை விரிவாகச் சோதித்தார். உங்கள் பாடநூலில் வரும் உராய்வுக் குணகம் இந்த வழியில் வந்ததே.

இதைக் கைப்பிடிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளை இரண்டு பக்கமும் அழுத்தித் தூக்கி நிறுத்துகிறீர்கள் என்று கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 10 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.5 ஆனால், ஒவ்வொரு பக்கமும் 10 நியூட்டன் விசையோடு அழுத்தவேண்டும். குணகத்தை 1 ஆக உயர்த்திவிட்டால் 5 நியூட்டன் போதும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடியைச் சொரசொரப்பாக்குவது துப்பாக்கி நழுவாமல் இருப்பதற்காகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மையே. மறு பாதி யாதெனின், குறைந்த விசையோடு பற்றினாலும் போதும் என்ற நிலையை உண்டாக்குவது. இறுக்கிப் பிடித்த கை நடுங்கும். நீங்களே உங்கள் முஷ்டியை முழுப் பலத்தோடு இறுக்கி, அரை நிமிடம் நீட்டிப் பாருங்கள். விரல்கள் அதிரத் தொடங்கிவிடும். நடுங்கும் கையில் குறி நிற்குமா?

ஆனால் அமோந்தோன் விதிகள் மரத்துக்கும் உலோகத்துக்கும் பொருந்துவதுபோல மனிதத் தோலுக்குப் பொருந்துவதில்லை. தோல் மென்மையானது. அழுத்த அழுத்த அது பரந்து படிகிறது; தொடும் பரப்பு கூடுகிறது. அழுத்தும் விசையை இருமடங்காக்கினால் உராய்வு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். ஆகவே, வழுக்கும் பிடியை மேலும் மேலும் இறுக்குபவன் தன் உழைப்புக்கேற்ற கூலியைப் பெறுவதில்லை.

இங்கே விரல் ரேகைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். வண்டிச் சக்கரத்து டயரின் வரிகளைப்போல இவை பிடிப்புக்காகவே அமைந்தவை என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் என்னோசும் அவருடைய மாணவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது என் தவற்றை உணர்ந்தேன். வழுவழுப்பான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின்மீது விரலை வைத்து அவர்கள் அளந்தார்கள். தோல் அங்கே ரப்பரைப்போல நடந்துகொண்டது. தொடும் பரப்பு மிகுந்தால் உராய்வும் மிகுந்தது. ரேகைகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களோ தகட்டைத் தொடுவதே இல்லை. ஆகவே ரேகைகள் தொடும் பரப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகின்றன! வழுவழுப்பான உலர்ந்த பரப்பில் ரேகை உதவுவதில்லை. சற்றே இடையூறு செய்கிறது. சொரசொரப்பான பரப்பிலும் நீர் படிந்த பரப்பிலும் அவை பயன்படக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோதுதான் எனக்கு இது தெரிந்தது. என்னிடம் படித்தவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ளவும்.

அடுத்து வியர்வை. நம் உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருங்கி அமைந்த இடங்களில் உள்ளங்கை ஒன்று. எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கே இல்லை. நெற்றியும் முதுகும் வெயிலுக்கு வியர்க்கின்றன. உள்ளங்கையோ பெரும்பாலும் மனத்துக்கு வியர்க்கிறது. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளை வாங்கும் கை நனைந்திருப்பதற்கு மின்விசிறி இல்லாமை காரணம் அன்று. அச்சம், ஆவல், கூச்சம் ஆகிய எது வந்தாலும் உள்ளங்கை கசியும். மரத்தில் தாவி ஏறவேண்டிய உயிருக்கு இந்தச் சிறு கசிவு நன்மை செய்திருக்கலாம். உழவர் துப்புவதை உடம்பு தானே செய்துகொள்கிறது. ஆனால் கசிவு ஓர் எல்லையைக் கடந்தால் தோலுக்கும் பிடிக்கும் நடுவே நீர்ப்படலம் ஒன்று உண்டாகிவிடும். எந்தக் கணத்தில் கை உறுதியாக நிற்கவேண்டுமோ, அந்தக் கணத்திலேயே அது வழுக்கத் தொடங்குகிறது.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1989-இல் எங்கள் பள்ளி என்.சி.சி. மாணவர்களைச் சுடுபயிற்சிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கொடுக்கப்பட்டவை .22 துப்பாக்கிகள்; பலர் கைபட்டு மெருகேறிய மரப்பாகம் உடையவை. அவர்களுள் ஒருவன் நல்ல குறிக்காரன். ஆனால் முறை வந்தால் கை வியர்த்துவிடும். என் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் துண்டுகள் இருக்கும். ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கையில் வெண்பொடி தடவிக்கொள்வதைப் படத்தில் பார்த்திருந்த நான், பெரிய யோசனைக்காரனைப்போல இரண்டு துண்டுகளைப் பொடியாக்கி அவன் உள்ளங்கை முழுதும் பூசிவிட்டேன். முதல் இரண்டு குண்டுகள் அழகாகப் பட்டன. பிறகு வியர்வையும் பொடியும் கலந்து கூழாயின. மூன்றாவது முறை அவன் கன்னத்தோடு அணைத்திருந்த துப்பாக்கி கையில் திரும்பிக்கொண்டது. குண்டு இலக்கின் பலகையையே தொடவில்லை. மேல்நிலைப் போட்டிக்கு அவன் தேர்வாகவில்லை. வீரர்கள் பூசுவது மெக்னீசியம் கார்பனேட்டு. அதையும் அவர்கள் மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் தட்டிவிடுகிறார்கள். பொடி தடித்தால் அந்தப் பொடியே சறுக்கும் படுகையாகிவிடும். இவை எல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அந்த மாணவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதனாலேயே இதை மறக்க முடியவில்லை.

பொடி பூசுவது போட்டிக்கு ஆகும். எப்போது தேவைப்படும் என்று தெரியாத கருவிக்கு ஆகாது. ஆகவே திருத்தத்தைக் கையில் செய்யாமல் பிடியில் செய்தார்கள்.

துப்பாக்கிப் பிடியின்மீது எத்தகைய விசைகள் பாய்கின்றன என்பதை ஒரு கணக்கால் அறிவோம். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறத்தாழ 15 கிராம். வெளிப்படும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். உந்த அழிவின்மை விதிப்படி துப்பாக்கி நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரவேண்டும். வெடிமருந்தின் வாயுவும் வெளியேறுவதால் உண்மையில் சற்று மிகுதியாகவே வரும். இந்த உதை குழலின் நேர்கோட்டில் வருகிறது. கையோ குழலுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல், கையை அச்சாகக் கொண்டு முனை மேல்நோக்கிச் சுழலப் பார்க்கிறது. பிடியின் பின்முகம் உள்ளங்கையில் தேய்ந்து நகர முயல்கிறது. முன்முகம் விரல்களின் உட்புறத்தில் தேய்ந்து நகர முயல்கிறது.

பிடியில் சொரசொரப்பு மிகவும் வேண்டிய இடங்கள் எவை என்பதற்கு இதுவே விடை. அலங்காரம் கண்ணுக்குத் தெரியும் பக்கத் தகடுகளில் இருக்கிறது. வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத முன்முகத்திலும் பின்முகத்திலும் நடக்கிறது. 1911-ஆம் ஆண்டின் துப்பாக்கியில் பக்கங்களில் இருந்தவை அக்ரூட் மரத் தகடுகள். அவற்றில் சாய்வான கோடுகளை இரு திசையிலும் வெட்டி, சிறுசிறு வைர வடிவப் புடைப்புகளை உண்டாக்கியிருந்தார்கள். பின்முகத்தின் அடிப்பகுதியோ தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. முதல் உலகப்போரின் அனுபவத்துக்குப் பின், 1920-களில் அப்படை செய்த திருத்தங்களுள் ஒன்று இந்தப் பின்முகத்தை வளைவாகப் புடைக்கச் செய்து, அதிலும் வரிகளை வெட்டியது. முன்முகத்தை அப்படியே வழுவழுப்பாக விட்டுவிட்டார்கள். 1985-இல் வேறு துப்பாக்கியை அப்படை ஏற்கும்வரை அது அப்படியேதான் இருந்தது. போட்டிகளில் சுடுபவர்கள் பொறுக்காமல், தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து முன்முக எஃகில் தனியே வரிகள் வெட்டிக்கொண்டார்கள்.

அந்த வேலையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் படித்தவர்களுக்கு 'நர்லிங்' என்ற சொல் தெரியும். சுழலும் உருண்டைக் கம்பியில் பல்லுள்ள சக்கரங்களை அழுத்தி, குறுக்கும் நெடுக்குமாக வரிகளைப் பதிப்பார்கள். திருகாணியின் தலையிலும் அளவுகோலின் உருளையிலும் நீங்கள் தடவிப் பார்ப்பது அதுதான். துப்பாக்கிப் பிடி உருண்டையன்று. ஆகவே அங்கே அரத்தைக் கொண்டு, கோடு கோடாகக் கையால் வெட்டவேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு என்பதே இதன் அளவு. அங்குலத்துக்கு 20 கோடு என்றால் கோடுகளின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், 30 கோடு என்றால் ஏறத்தாழ 0.85 மில்லிமீட்டர். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது எழும் சிறு கூம்புகள் ஒவ்வொன்றும் தோலைச் சற்றே உள்ளே அமுக்குகின்றன. தோல் கூம்புகளுக்கு இடையே இறங்கி நிற்கிறது. இனிமேல் அது நகரவேண்டுமானால் கூம்பின்மீது ஏறி இறங்கவேண்டும். வெறும் உராய்வோடு பூட்டும் சேர்ந்துவிட்டது. கூம்புகளுக்கு நடுவேயுள்ள பள்ளங்கள் வியர்வைக்கு வடிகால் ஆகின்றன. டயர் வரிகளின் உவமை விரல் ரேகைக்குப் பொருந்தாமற் போனாலும் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

கோடு அகன்றால் கூம்பு பெரிது, பிடிப்பு உறுதி, கை நோகும். கோடு நெருங்கினால் கூம்பு சிறிது, கைக்கு இதம், ஆனால் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்தால் பள்ளங்கள் தூர்ந்து பயன் குறையும். மரத்தில் மிக நெருக்கமாக வெட்டினால் கூம்புகள் உடைந்து உதிரும். அதனாலேயே இழை நெருங்கிய உறுதியான அக்ரூட் மரத்தைத் தேடினார்கள். ஒரு கோடு சிறிது கோணினாலும் அடுத்து வரும் கோடுகள் எல்லாம் கோணும். கோலம் போடுபவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும்.

ஜப்பானியர் வாளின் கைப்பிடியில் திருக்கை மீனின் தோலைப் போர்த்தி, அதன்மேல் பட்டுக் கயிற்றைக் குறுக்கு மறுக்காகச் சுற்றினார்கள். அத்தோலில் இயற்கையாகவே மணிமணியான புடைப்புகள் உண்டு. கயிறு தோலில் நழுவாது. கை கயிற்றில் நழுவாது. வெட்டி எடுக்கும் வரிகளுக்கு முன்னமே மனிதன் கண்ட வழி அது.

நெகிழி வந்தபின் கதை மாறியது. 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளோக் துப்பாக்கியின் உடற்பகுதி நெகிழியால் ஆனது. அச்சில் வார்ப்பதால், அச்சில் என்ன வடிவம் உண்டோ அது பிடியிலும் வந்துவிடும்; கைவினைஞரின் உழைப்பு வேண்டுவதில்லை. முதலில் வந்த பிடி மெல்லிய பருக்கள் கொண்டதாக இருந்தது. அடுத்த அமைப்பில் முன்முகத்திலும் பின்முகத்திலும் வைர வரிகள் சேர்ந்தன. அதற்கு அடுத்ததில் விரல்கள் அமர்வதற்கென்று முன்முகத்தில் பள்ளங்களை அமைத்தார்கள். கேட்பதற்கு மிகவும் நல்ல யோசனை. ஆனால் யாருடைய விரல்களுக்கு? பருத்த விரல் உடையவருக்குப் பள்ளத்தின் வரம்பு விரலின் நடுவே குத்தும். சிறிய கையினருக்கு இரண்டு விரல்கள் ஒரே பள்ளத்தில் நெருங்கும். 2010-இல் வந்த நான்காம் அமைப்பில் சொரசொரப்பை மிகுத்தார்கள். கையின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பின்தகடுகளையும் கொடுத்தார்கள். 2017-இல் வந்த ஐந்தாம் அமைப்பில் விரற்பள்ளங்களை நீக்கிவிட்டார்கள்! வடிவத்தால் கையைக் கட்டாயப்படுத்துவதைவிட, சமமான பரப்பில் நல்ல சொரசொரப்பைக் கொடுத்து, கை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள விடுவது மேல் என்றாயிற்று. சீருடைக்கும் பாடநூலுக்கும் ஒரே அளவைத் திட்டமிடுபவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். அது வேறு பேச்சு.

வாங்கிய பிடி போதாது என்று எண்ணுபவர்கள் மேற்கு நாடுகளில் இன்னும் பல வழிகளை நாடுகிறார்கள். ரப்பர் உறை மாட்டுவது எளிது. நம் சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடிக்கு மாட்டுவதைப் போன்றதே. அது மென்மையாகப் பற்றும். ஆனால் பிடியைப் பருமனாக்கிவிடும். எண்ணெய் பட்டால் ஊறித் தளர்ந்து தானே சுழலவும் கூடும். உப்புத்தாள் போன்ற மணற்பரப்புள்ள ஒட்டுநாடாவை அளவாக வெட்டி ஒட்டுவது மற்றொன்று. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்பதே அதன் பெருமை. மூன்றாவது, பற்றாசு வைக்கும் சூட்டுக்கோலின் முனையால் நெகிழியில் புள்ளி புள்ளியாகச் சுட்டு மேடுபள்ளமாக்குவது. சுட்டது சுட்டதுதான், மீண்டும் வழுவழுப்பாக்க இயலாது. அனுபவம் இல்லாதவர் கையில் பிடி பாழாகும்.

இனி, சொரசொரப்பு மிகுந்தால் நல்லதுதானே என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் குடிமக்கள் பலர், சட்டம் இடம் தருமளவில், கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து நாள் முழுதும் சுமக்கிறார்கள். அவ்வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஆயினும் பிடியின் பாடத்தை அது நன்றாகவே விளக்குகிறது. இடுப்பில் செருகிய துப்பாக்கியின் பிடி ஒருபுறம் உடம்பை உரசுகிறது. மறுபுறம் சட்டையை உரசுகிறது. கூரிய கூம்புகள் இருந்தால் சில நாளில் சட்டையின் உட்புறம் நைந்துபோகும். தோலும் கன்றிச் சிவக்கும். குனிந்து நிமிரும்போது துணி பிடியில் மாட்டிக்கொண்டு மேலேறும், மறைத்தது வெளிப்படும். இவற்றைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. அவசரத்தில் பற்றும் கை எப்போதும் சரியான இடத்தில் விழுவதில்லை. தொட்டபின் சற்றே வழுகித் தன் இடத்தில் சென்று அமரும். அளவு கடந்த சொரசொரப்பு அந்தச் சிறு நகர்வையும் தடுத்துவிடும். கை தவறாக விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகையால் அறிந்தவர்கள் முன்முகத்தையும் பின்முகத்தையும் சொரசொரப்பாக்கி, உடம்பில் படும் பக்கங்களை மென்மையாக விடுகிறார்கள். ஒரே பிடியில் இடத்துக்கு இடம் வெவ்வேறு பரப்பு என்பதே அவர்கள் கண்ட முடிவு.

விளையாட்டுப் போட்டியில் நிலைமை வேறு. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் குண்டு பறக்கிறது. உதை மிகச் சிறிது. தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அவசரமும் இல்லை, உதையும் இல்லை என்றால் சொரசொரப்பு எதற்கு? மாறாத பிடிக்காக. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். அவை ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் விலகும். இலக்கின் நடுவேயுள்ள பத்தாம் வளையத்தின் குறுக்களவோ 11.5 மில்லிமீட்டரே! பத்து கிடைக்கவேண்டிய இடத்தில் ஆறுதான் கிடைக்கும். குதிரையை விரல் அழுத்தும்போது மற்ற விரல்களும் உடன் இறுகப் பார்க்கும். அது கையின் இயல்பு. ஏற்கெனவே பிடி நன்றாகப் பற்றியிருந்தால் அவை இறுகவேண்டிய தேவை இல்லை. பிடி வழுக்குவதாக மனத்துக்குத் தோன்றினாலோ, அறியாமலே விரல்கள் இறுகும், முனை விலகும். ஆகவேதான் போட்டியாளர்கள் மரப்பிடியைத் தம் கைக்கேற்பச் செதுக்கியும், மரப்பசையால் நிரப்பியும், மேற்பரப்பைப் புள்ளியிட்டும் பல நாள் உழைக்கிறார்கள். மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கும்படி பிடியை நீட்டுவதற்கு மட்டும் விதி இடம் தருவதில்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் வெண்கலம் வென்ற நம் நாட்டு மனு பாக்கர் கையை நீட்டி நின்ற நிலையை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நீட்டிய ஒரே கையில்தான் அத்தனையும் நடக்கவேண்டும்.

இப்படிச் செதுக்கிய பிடி ஒரு கைக்கே உரியது. வலக்கைப் பிடி இடக்கைக்கு உதவாது. இதை எண்ணும்போது ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோய் தகாச் நினைவுக்கு வருகிறார். 1938-இல் கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. குறி பார்த்துப் பழகிய கை அதுவே. அவர் யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார். 1948-இல் இலண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடுதல் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். எந்தப் பிடியையும் புதிதாகக் கற்றுக்கொள்ள அந்தக் கைக்கு எத்தனை ஆயிரம் முறை தேவைப்பட்டிருக்கும்!

நான் சொன்னவற்றைச் சோதிக்கத் துப்பாக்கி வேண்டியதில்லை. நீண்ட பலகை ஒன்றை எடுங்கள். அதில் பாதிக்கு உப்புத்தாள் ஒட்டுங்கள். மறு பாதியை நன்றாக இழைத்து வழுவழுப்பாக விடுங்கள். கைத்தோலுக்குப் பதிலாக, பழைய தோற்செருப்பிலிருந்து எடுத்த துண்டு ஒன்றை ஒரு சிறு மரக்கட்டையின் அடியில் ஒட்டுங்கள். கட்டையைப் பலகையின்மேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கட்டை சறுக்கத் தொடங்கும் கணத்தில் பலகைக்கும் தரைக்கும் உள்ள கோணத்தை அளந்து, அதன் டான்ஜெண்டைக் கணக்கிட்டால் உராய்வுக் குணகம் கிடைக்கும். கோணம் 30 பாகையானால் குணகம் 0.58, 45 பாகையானால் 1. முதலில் தோல் உலர்ந்திருக்க அளந்துகொள்ளுங்கள். அடுத்து நனைத்துப் பிழிந்த துணியால் தோலை ஒருமுறை துடைத்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். பிறகு நீரைச் சொட்டச் சொட்டவிட்டு அளந்துகொள்ளுங்கள். மூன்றையும் வழுவழுப்பான பாதியிலும் உப்புத்தாள் பாதியிலும் செய்து, ஆறு எண்களையும் அட்டவணையாக எழுதுங்கள். நீரில் நனைந்த உப்புத்தாள் பிரிந்துவிடும். ஆகவே அந்தச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.